லுத்தரன் ஹை சர்ச் சங்கத்தார் போல ஒரு ஜெப ஒழுங்கை வீட்டில் தொடங்குவது எப்படி

ஹை சர்ச், அதாவது பழைய திருச்சபையின் வழிபாட்டு முறைகளைப் போற்றும் போக்கு, என்றதும் நம்மில் பலருக்கு அங்கி, மெழுகுவர்த்தி, தூபம் இவைதான் நினைவுக்கு வரும். லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதோடு ஒரு சந்தேகமும் சேர்ந்து வரும்: இதெல்லாம் கத்தோலிக்க முறை ஆயிற்றே, நமக்கு எதற்கு? எனக்கும் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. ஜெர்மனியில் 1918-ல் தொடங்கிய ஒரு சின்ன லுத்தரன் சங்கத்தைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான், அங்கிக்கும் தூபத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. நேரம் குறித்து, சங்கீதம் குறித்து ஜெபிப்பது. அதை இரண்டு மூன்று பேர் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துச் செய்வது. இதற்கு ஒரு பைபிளும் கூட ஓரிரண்டு பேரும் போதும். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேராகத் தொடங்கினோம். எதை முதலில் செய்ய வேண்டும், எதை இப்போதைக்குத் தொடக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் கதை

கதை எதற்கு என்று கேட்காதீர்கள். நீங்கள் ஆரம்பித்த இரண்டாவது வாரமே யாராவது ஒருவர், பெரும்பாலும் உங்கள் சொந்தக்காரர், "இது லுத்தரன் முறையா?" என்று கேட்பார். அப்போது சொல்ல ஒரு பதில் வேண்டும்.

1917-ல், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லுத்தரின் 95 வாதங்களுக்கு 400 வருஷம் நிறைந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். வட ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியைச் சேர்ந்த ஹைன்ரிக் ஹான்சன் என்ற போதகர் அந்த வருஷம் தன் பங்குக்குப் புதிதாக 95 வாதங்களை எழுதி வெளியிட்டார். 'ஸ்டிமுலி எத் க்ளாவி' என்று லத்தீனில் தலைப்பு. பிரசங்கி 12:11-ஐ எடுத்துப் பாருங்கள், ஞானிகளின் வாக்கியங்களைத் தாற்றுக்கோல்களுக்கும் அறையப்பட்ட ஆணிகளுக்கும் ஒப்பிடும் வசனம். தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். மாட்டை ஓட்டுகிற தாற்றுக்கோலும், ஆடுவதை இறுக்கி நிறுத்துகிற ஆணியும். லுத்தர் புதிதாக ஒரு சபையைத் தொடங்க வரவில்லை, இருந்த திருச்சபையைச் சீர்திருத்தத்தான் வந்தார், ஆனால் அவர் விடச் சொல்லாதவற்றையும் பின்னால் வந்த நாம் விட்டுவிட்டோம் என்பதுதான் அந்த வாதங்களின் சாரம்.

அதைப் படித்து மனம் அசைந்தவர்கள் 1918 அக்டோபர் 9-ம் தேதி பெர்லினில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜெர்மன் பெயர் ஹோக்கிர்ஹ்லிஹெ ஃபெரைனிகுங். இனிமேல் 'சங்கம்' என்றே சொல்கிறேன். தேதியைக் கவனியுங்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9-ம் தேதி, ஜெர்மன் பேரரசர் பதவி இழந்தார். சீர்திருத்த காலம் தொட்டு ஜெர்மன் லுத்தரன் சபைகளுக்கு அந்தந்த நாட்டு அரசரே தலைவராக இருந்து வந்தார், பேராயர் செய்ய வேண்டியதை அரசரின் அலுவலகம் செய்தது. அது ஒரேயடியாக இல்லாமல் போனதும், சபையைத் தாங்கிப் பிடிப்பது எது என்ற கேள்வி எல்லோர் முன்னும் வந்து நின்றது. சங்கத்தார் சொன்ன பதில் பழையது: அடிக்கடி திருவிருந்து, தனிப் பாவ அறிக்கை, பேராயர் ஊழியம், நாள்தோறும் ஜெபநேரங்கள்.

சரி, இது லுத்தரன் முறையா? லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான, 1530-ல் எழுதிய ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 24-ம் பிரிவில், நாங்கள் திருப்பலியை ஒழித்துவிட்டோம் என்று எங்கள் சபைகள்மேல் சொல்லும் குற்றச்சாட்டு பொய், அதை மிகுந்த பயபக்தியோடு நடத்துகிறோம், வழக்கமான சடங்குகளையும் ஏறக்குறைய எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம் என்ற பொருளில் தெளிவாக எழுதியிருக்கிறது. 11-ம் பிரிவு தனிப்பட்ட பாவமன்னிப்பு கூறுதலைச் சபைகளில் காப்பாற்றி வைக்க வேண்டும் என்கிறது. இந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டுதான் நம் போதகர்கள் அபிஷேகம் பெறுகிறார்கள். கேட்கிற சொந்தக்காரருக்கு இந்த இரண்டு பிரிவுகளைக் காட்டுங்கள், அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

சங்கத்துக்கு ஓர் உருவம் கொடுத்தவர் ஃப்ரீட்ரிக் ஹைலர். 1892-ல் மியூனிக்கில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், ஜெபத்தின் வரலாற்றைப் பற்றி 1918-ல் ஒரு பெரிய நூல் எழுதியவர். ஸ்வீடன் பேராயர் நாதன் சோடர்ப்ளோம் அழைத்ததால் 1919-ல் அங்கே போனார், வாட்ஸ்டேனா என்ற ஊரில் லுத்தரன் திருவிருந்தில் பங்குபெற்றார், லுத்தரன் சபைக்குள் வந்தது அப்படித்தான். அடுத்த வருஷம் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். சாது சுந்தர் சிங்கைப் பற்றி நூல் எழுதி, அவரைத் தாக்கியவர்களுக்குப் பதில் சொன்ன அதே ஹைலர்தான். 1929-ல் சங்கத்தின் தலைவர் ஆனார்.

வாட்ஸ்டேனா என்ற அந்த ஊரில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நமக்கும் அதற்கும் உறவு இருக்கிறது. புனித பிரிகித்தா ஏற்படுத்திய துறவற மடம் இருந்த ஊர் அது. அந்த மடத்துத் துறவி ஒருவர், பேத்ருஸ் மாக்னி, 1524-ல் ரோமில் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவர்தான் 1531-ல் ஸ்வீடனின் முதல் லுத்தரன் தலைமைப் பேராயர் லவுரென்தியுஸ் பேத்ரியை அபிஷேகம் செய்தார். ஸ்வீடன் சபையில் அப்போஸ்தலத் தொடர்ச்சி (அப்போஸ்தலர் காலம் முதல் ஒரு பேராயர் அடுத்தவர்மேல் கைவைத்து அபிஷேகம் செய்துவரும் வரிசை) அறுபடாமல் வந்தது இந்தக் கைவைப்பு வழியாக. இங்கே தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919 ஜனவரி 14-ம் தேதி அமைந்தது. அதன் முதல் பேராயர் எர்ன்ஸ்ட் ஹியூமன் 1921-ல் அபிஷேகம் பெற்றபோது அதே தொடர்ச்சி தரங்கம்பாடி பேராயர் ஆசனத்துக்கு வந்து சேர்ந்தது. பெர்லினில் கூடியவர்கள் எங்களுக்கும் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒன்று, நம்ம ஊர் சபைக்கு சங்கம் தொடங்கி மூன்றே வருஷத்தில் கிடைத்தது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஹைலர் அந்த ஏக்கத்தில் 1930 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தில், விகே என்ற பிரெஞ்சு சுயேச்சைப் பேராயரிடம் அபிஷேகம் பெற்றுக்கொண்டார். அந்தத் தொடர் எங்கே போகிறது தெரியுமா? விகேக்கு முன்னால் ழிரோ, அவருக்கு முன்னால் ஊசே, அவருக்கு முன்னால் மிராலியா, அவருக்கு முன்னால் ஜோசப் ரெனே விலாத். விலாத் அபிஷேகம் பெற்றது 1892 மே 29-ம் தேதி, கொழும்பில், கோவாக்காரரான அல்வாரிஸ் பேராயரின் கையால். அல்வாரிஸ் அபிஷேகம் பெற்றது 1889-ல் கோட்டயத்தில், மலங்கரை சிரியன் சபையில். ஒரு ஜெர்மன் பேராசிரியர் தேடிப்போன கைவைப்பு கொழும்பையும் கோட்டயத்தையும் தொட்டு வந்திருக்கிறது. ஆனாலும் ஹைலர் அவசரப்பட்டார் என்றே நான் நினைக்கிறேன். அந்தத் தனி அபிஷேகத்தை ஜெர்மன் லுத்தரன் சபைகள் ஏற்கவில்லை. சங்கத்தின்மேல் ஏற்கெனவே இருந்த சந்தேகம் அதனால் கூடத்தான் செய்தது. சங்கத்தைத் தாங்கியது அதே ஹைலர் 1929-ல் தொடங்கிய புனித யோவான் சகோதரத்துவத்தின் அன்றாட ஜெப ஒழுங்குதான் என்பது என் கணிப்பு. நாஜி ஆட்சிக் காலத்தில், யூத வம்சத்துப் போதகர்களை ஊழியத்திலிருந்து நீக்கச் சொன்ன ஆரிய விதியை ஹைலர் எதிர்த்தார், 1934-ல் இறையியல் துறையிலிருந்தே மாற்றப்பட்டார். அப்படிப்பட்ட வருஷங்களில் அபிஷேகப் பத்திரம் ஒருவரைத் தாங்காது, தினமும் வாய்க்குள் போன சங்கீதம் தாங்கும்.

மார்பர்க்கிலேயே 1931 அக்டோபர் 1-ம் தேதி மிகாவேல் சகோதரத்துவம் என்று இன்னொன்று தொடங்கியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு குழு, வேறு வழி. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம், கீழே சொல்கிறேன்.

எத்தனை பேர், எந்த நேரம்

இரண்டு பேர் இருந்தாலே தொடங்கலாம். மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் சங்கீதம் இரண்டு பக்கமாக ஓடும். ஏழு எட்டு பேர் சேர்ந்தால் அது ஜெபக்கூட்டமாக மாறிவிடும். பாட்டு நீளும், சாட்சி சொல்வார்கள், காபி கொடுக்க வேண்டியிருக்கும். அது நல்லதுதான், ஆனால் தினமும் நடக்காது.

நேரத்தில்தான் நாங்கள் முதலில் தவறினோம். என் மைத்துனர், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நான், மூன்று பேரும் எடுத்த எடுப்பிலேயே ஒரு நாளைக்கு ஐந்து வேளை என்று வைத்துக்கொண்டோம். ஒன்பதாவது நாள் மத்தியானம் யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒருவரையொருவர் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இரண்டு மாதம் அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் இராச் ஜெபம் ஒன்றை மட்டும் எடுத்துத் திரும்பத் தொடங்கினோம். அது நின்றது.

அதனால் ஒரே வேளையை எடுங்கள், அது இரவாக இருக்கட்டும். காலையில் பால், பள்ளிக்கூடம், பஸ் என்று ஓட்டம். இரவில் சாப்பிட்டு முடித்து படுக்கப் போகும் முன் கால்மணி நேரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. 'ஒன்பது மணிவாக்கில்' என்று வைக்காதீர்கள், 9:15 என்று வையுங்கள். வாக்கில் என்ற சொல் வந்தாலே பத்தாகிவிடும். இன்னொரு வசதி, இராச் ஜெபத்தின் சங்கீதங்கள் பழைய வழக்கப்படி தினமும் ஒன்றேதான்: 4, 91, 134. இன்று எது என்று தேட வேண்டியதில்லை. மூன்றும் சேர்த்து 27 வசனம். மூன்று மாதத்தில் மனப்பாடமாகிவிடும், மின்சாரம் போன இரவிலும் நடக்கும்.

இராச் ஜெபத்தை நடத்தும் முறை

எதிரெதிராக உட்காருங்கள், அல்லது நில்லுங்கள். மேசைமேல் ஒரு சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி இருந்தால் போதும். முதல் ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் இருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு வர வேண்டும், சைலன்ட்டில் போட்டுப் பாக்கெட்டில் வைப்பது போதாது.

அப்புறம் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்குங்கள். இங்கேதான் பலர் தயங்குவார்கள். விசுவாசத்தைக் கற்பிக்க லுத்தர் எழுதிய சின்னக் கேள்வி-பதில் நூலான சிறிய ஞானோபதேசத்தில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் எப்படிச் செய்வது என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள்: எழுந்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல், முழங்கால்படியிட்டோ நின்றோ விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் சொல் என்று லுத்தரே 1529-ல் எழுதினார். அப்படியும் ஒருவருக்கு மனம் வரவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், அவர் போடாமலே இருக்கட்டும்.

ஒருவர் "சர்வவல்லமையுள்ள கர்த்தர் நமக்கு அமைதியான இராத்திரியையும் நல்ல முடிவையும் தருவாராக" என்று சொல்ல, மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள். அடுத்தது பாவ அறிக்கை. நீண்ட ஜெபம் வேண்டாம். அன்றைய நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் மௌனம், அப்புறம் சபையில் சொல்லும் பொதுப் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிஷ மௌனம் முதல் மாதம் பாரமாக இருக்கும். கூட இருப்பவரிடமே அன்று காலையில் கோபமாகப் பேசியிருப்பீர்கள், அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். அதைக் குறைக்காதீர்கள். எங்கள் மூன்று பேருக்குள் பல வருஷமாகப் பேசாமல் இருந்த ஒரு பணவிஷயம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் தீர்ந்தது.

பிறகு சங்கீதம், அதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். சங்கீதம் முடிந்ததும் ஒரு சின்ன வாசிப்பு: எரேமியா 14:9-ன் கடைசிப் பகுதி ("கர்த்தாவே, நீர் எங்கள் நடுவிலிருக்கிறவராமே" என்று தொடங்கும்) ஒருநாள், 1 பேதுரு 5:8, 9 மறுநாள். விளக்கம் சொல்லக்கூடாது, வாசித்ததும் நிறுத்திவிட வேண்டும். "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்ற சங்கீதம் 31:5-ஐ ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு ஞானப்பாட்டில் ஒரே ஒரு சரணம். அப்புறம் எல்லோரும் நின்று சிமியோனின் பாட்டு, லூக்கா 2:29-32. "இப்பொழுது உமது அடியேனைச் சமாதானத்தோடே போகவிடுகிறீர்" என்று அந்தக் கிழவர் சொன்னதைத் தினமும் தூங்கப் போகும் முன் சொல்வது என்ன என்பதை நான் இங்கே விளக்க முயலவில்லை. ஆசிரியருக்கு வயது 74, அந்த வரி வரும்போது அவர் குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

கர்த்தருடைய ஜெபம், சிறிய ஞானோபதேசத்தில் உள்ள லுத்தரின் மாலை ஜெபம், ஆசீர்வாதம். முடிந்ததும் உடனே மகிழ்ச்சியோடு தூங்கப் போ என்று லுத்தர் எழுதியிருக்கிறார், அப்படியே செய்யுங்கள். முடிந்த பிறகு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் அந்த அமைதி போய்விடும். மொத்தமே 12, 15 நிமிஷம்.

சங்கீதத்தை வாசிக்கும் விதம்

எல்லாவற்றிலும் இதற்குத்தான் அதிகப் பழக்கம் வேண்டும், இதில்தான் அதிகப் பலனும் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் போதகரும் சபையும் மாறிமாறி வாசிப்பதை வைத்து, நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைக்கத் தோன்றும். அங்கே வேகம் அதிகம். இங்கே வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

ஒரு பக்கத்தார் ஒற்றைப்படை வசனங்கள், எதிர்ப்பக்கத்தார் இரட்டைப்படை. நம் பழைய தமிழ் பைபிளில் பெரும்பாலான வசனங்களுக்கு நடுவில் அரைப்புள்ளி ஒன்று இருக்கும். அங்கே ஒரு முழு மூச்சு எடுக்கும் அளவு நிறுத்துங்கள். மடங்களில் நூற்றாண்டுகளாகச் செய்வது இதைத்தான், அங்கே சங்கீதப் புத்தகத்தில் அந்த இடத்தில் நட்சத்திரக்குறி போட்டிருப்பார்கள். ஆனால் வசனம் முடிந்து அடுத்த வசனம் தொடங்கும் இடத்தில் நிறுத்தக்கூடாது, எதிர்ப்பக்கத்தார் உடனே எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தம், முடிவில் இல்லை. முதலில் தலைகீழாகத் தோன்றும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். யாரும் மற்றவரைவிட உரக்க வாசிக்கக்கூடாது, உணர்ச்சி ஏற்றியும் வாசிக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் குரல் உங்கள் காதில் விழவில்லை என்றால் நீங்கள் அதிகச் சத்தமாக வாசிக்கிறீர்கள்.

நான்காம் சங்கீதத்தின் தலைப்பில் "நெகினோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க" என்று வரும், அதை வாசிக்க வேண்டாம். நடுவில் அடைப்புக்குறிக்குள் 'சேலா' என்று வரும் இடங்களிலும் அந்தச் சொல்லை வாசிக்காமல் கொஞ்சம் நீளமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு சங்கீதமும் முடிந்ததும் "பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக" என்பதைத் தலைகுனிந்து சொல்லுங்கள்.

கத்தோலிக்க நண்பரிடமிருந்து பழைய ஜெபநூல் ஏதாவது கிடைத்தால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பழைய லத்தீன் கணக்குப்படி போட்ட நூல்களில் பல சங்கீதங்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும், நம் 91 அங்கே 90. அவர்களுடைய திருப்புகழ்மாலையில் இரவு மன்றாட்டு என்ற பகுதி இருக்கிறது, ஒழுங்கைப் புரிந்துகொள்ள அதைப் பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை.

காலை ஜெபத்தை எப்போது சேர்ப்பது

இராச் ஜெபம் மூன்று மாதம் தடையில்லாமல் நடந்த பிறகு. அதற்கு முன் வேண்டாம். காலையில் சங்கீதம் ஒன்றிலிருந்து வரிசையாக, நாளுக்கு ஒன்று. 119-ம் சங்கீதம் மட்டும் 176 வசனம், எட்டு எட்டு வசனமாக 22 பகுதி. நாளுக்கு ஒரு பகுதியாக எடுத்தால் மொத்தம் 171 நாளில் சங்கீதப் புத்தகம் முழுவதும் முடியும், வருஷத்துக்கு இரண்டு சுற்று. பெனடிக்ட் முனிவரின் ஒழுங்கில் ஒரே வாரத்தில் 150-ம் முடித்துவிடுவார்கள், நாம் வேலைக்குப் போகிறவர்கள், 171 நாள் நமக்குப் போதும். "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்" என்ற 51:15-ல் தொடங்கி, சங்கீதம், ஒரு வாசிப்பு, சகரியாவின் பாட்டு (லூக்கா 1:68-79), விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், லுத்தரின் காலை ஜெபம். சேர்ந்து செய்ய முடியாவிட்டால் அவரவர் வீட்டில், அதே சங்கீதம்.

ஒரு பக்கத்தில் ஒழுங்கு எழுதுங்கள்

இதை வாய்ச்சொல்லாக விடாதீர்கள். எந்த வேளை, எங்கே, வர முடியாவிட்டால் யாரிடம் சொல்வது, எத்தனை மாதத்துக்கு இந்த வாக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். காலத்தைக் கட்டாயம் குறியுங்கள்: ஒரு அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்த காலம்) முதல் அடுத்த அட்வெந்து வரை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஆயுளுக்கும் என்று எழுதக்கூடாது. ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 27-ம் பிரிவு துறவறப் பொருத்தனைகளைப் பற்றிப் பேசுகிறது; பொருத்தனையால் தேவனிடம் புண்ணியம் சேர்க்கலாம் என்ற எண்ணத்தை அது கடுமையாக மறுக்கிறது. அதை உங்கள் ஒழுங்கின் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்: இதைச் செய்வதால் நாங்கள் மற்றவர்களைவிட மேலானவர்கள் அல்ல, இரட்சிப்பு கிருபையால் மட்டுமே.

மிகாவேல் சகோதரத்துவத்திடமிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது இதுதான்: அங்கே ஒவ்வொரு சகோதரனுக்கும் துணைவர் ஒருவர் உண்டு, அவன் ஒழுங்கைக் கைக்கொள்கிறானா என்று பரிவோடு விசாரிப்பவர். மூன்று பேர் இருந்தால் அவர் இவரை, இவர் மற்றவரை என்று சுற்றாக வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் நடந்துகொண்டே பேசினால் போதும். தவறவிட்ட நாட்களை எண்ணிக் காட்டுவது அவர் வேலை அல்ல, ஏன் தவறியது என்று கேட்பதுதான்.

போதகரிடம் போக வேண்டியவை

திருவிருந்தை வீட்டில் நீங்களாக நடத்தக்கூடாது. அறிக்கையின் 14-ம் பிரிவு, ஒழுங்காக அழைக்கப்படாத யாரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ சாக்கிரமந்துகளை நடத்தவோ கூடாது என்கிறது. சங்கத்தார் அடிக்கடி திருவிருந்து வேண்டும் என்று கேட்டது சபையிடம். தங்கள் சபைகளைவிட்டு வெளியேறித் தனிச்சபை கட்டவில்லை. உங்கள் சபையில் மாதத்துக்கு ஒருமுறைதான் என்றால் அந்த ஒருமுறையைத் தவறவிடாமல், முந்தின இரவு ஆயத்தத்தோடு போங்கள். அதிகமாக வேண்டும் என்று போதகரிடம் பணிவாகக் கேளுங்கள், ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

தனிப் பாவ அறிக்கையும் அப்படியே. சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு ஒரு முறையே இருக்கிறது. அதன் முடிவில் போதகர், என் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறாயா என்று கேட்பார். நம் ஊரில் இதைக் கேட்டுப் போகிறவர்கள் குறைவு என்பதால் போதகரே முதலில் திகைக்கலாம். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு நெருக்கமான போதகரைவிட, பக்கத்துச் சபையில் நம்பிக்கையான, வாய் காக்கத் தெரிந்த ஒருவர் நல்லது.

தொடங்கும் முன் உங்கள் போதகருக்குச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு ஆராதனையில் வழக்கமான இடத்திலேயே உட்காருங்கள், சந்தாவைச் சரியாகக் கட்டுங்கள், சபைத் தேர்தலில் உங்கள் மூன்று பேரும் ஓர் அணி என்ற பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஜெபக்கூட்டு அணியாக மாறிவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப ஜெபத்துக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

அங்கி, தூபம், வர்ணங்கள், பரிசுத்தவான்களின் நாட்கள் இவையெல்லாம் முதல் வருஷம் வேண்டாம். இரண்டாம் வருஷம் வேண்டுமானால் செப்டம்பர் 29 மிகாவேல் திருநாள் போல ஒன்றிரண்டு நாட்களைச் சேருங்கள்.

யாராவது ஊர் மாறிப் போனால்

இது கட்டாயம் நடக்கும். சங்கத்தார் ஜெர்மனி முழுக்க ஊருக்கு ஒருவராகச் சிதறி இருந்தவர்கள், பெரும்பாலான நாட்களில் தனியாகத்தான் ஜெபித்தார்கள். ஒரே ஒழுங்கு என்பதுதான் அவர்களைச் சேர்த்து வைத்தது. அதனால் போனில் கூப்பிட்டுச் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள். நாங்கள் முயன்றோம், சத்தம் அரை நொடி தாமதமாக வரும், சங்கீதம் உடைந்துபோகும். அதே நேரம், அதே சங்கீதம், அவரவர் இடத்தில். என் மைத்துனர் போன வருஷம் வேலை மாறி கோயம்புத்தூர் போனார், 9:15-க்கு அங்கே தனியாக வாசிக்கிறார். இங்கே அவர் பக்கத்து வசனங்களை இப்போது என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.